மடியில் ஒரு பரங்கிக்காய்

இப்பவே சிரிச்சிடாதீங்கக்கா. கொஞ்சம் மிச்சம் வச்சிக்கிங்க. சிரிக்க வேண்டிய எடம் இன்னும் வரல. வரும்போது நானே சொல்றேன்.

புதுச் சுடிதார் போட்டு, தலையில கனகாம்பரம் வச்சு, மடியில இவ்ளோ பெரிய பரங்கிக்காயோட ஒருத்தி டவுன் பஸ்ல உக்காந்திருந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது. கண்டக்டரே சிரிச்சிட்டாரே. எப்படிக் கேட்டார் பாத்தீங்கல்ல? "ஏம்மா, இது ஆம்பளக் காயா, பொம்பளக் காயா? பொம்பளன்னா ஃப்ரீ. ஆம்பளன்னா டிக்கெட்டு." அப்படியே அவர் கொரல்தானே? மூக்குல ஆரம்பிச்சு தொண்டையில முடிக்கிறார். பான்பராக்கு ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கறதால 'ட்'டு மட்டும் ஈரமா வரும். டிக்கெட்டு. ஆங், அதான்.

இந்தக் காய் எதுக்குன்னு சொல்றேன். ஆனா இப்ப சொல்ல மாட்டேன். இப்பவே சொன்னா ஒரு வரியில முடிஞ்சு போயிடும், அப்பறம் சிப்காட் வரைக்கும் நீங்களும் நானும் ஜன்னலப் பாத்துக்கிட்டுதான் போவணும். நீங்க யாரு, எங்க எறங்கணும், என்ன வேலைன்னு நானும் அப்பறமா கேக்கறேன். கேட்டா நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க. நான் பேசும்போது நடுவுல வேற ஆள் பேசினா எனக்குப் புடிக்காது. மத்தவங்க கொரல்ல நானே பேசிப்பேன், அது வேற.

என் பேரு லோகேஸ்வரி. லோகுன்னு கூப்புடுவாங்க. ப்ளஸ் டூ பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கேன். பதினெட்டு முடிஞ்சிடுச்சு, சின்னப் பொண்ணுன்னு நெனச்சிடாதீங்க. ஊரு வடமணப்பட்டு.

எங்க ஊர்ல யாரும் கடிகாரத்தப் பாத்து மணி சொல்ல மாட்டாங்கக்கா. காதாலதான் மணி பாப்பாங்க. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப கடலை மில்லு சங்கு. ஊஊஊஊ... பயப்படாதீங்க, நான்தான். அந்தச் சங்கு ஊதினா ஆம்பளைங்க எல்லாம் லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு சைக்கிள எடுப்பாங்க. பொம்பளைங்க களை எடுக்கப் போவாங்க. இப்ப அந்த மில்லு கல்யாண மண்டபம் ஆயிடுச்சு. களை எடுத்த நெலத்துல மஞ்சக் கல்லும் வெள்ளக் கல்லும் நட்டு, 'மனைகள் விற்பனைக்கு'ன்னு போர்டு வச்சுட்டாங்க. களைக்குக் கொண்டாட்டம், எடுக்க ஆள் இல்ல.

சங்குக்குப் பதிலா இப்ப ஹாரன். செருப்பு கம்பெனி பஸ் வந்தா பாங்ங்-பாங். கையுறை கம்பெனி வேன் பிப்பிப்பிரீ. செல்போன் பாகம் பண்ற கம்பெனி இருக்குல்ல, சிப்காட் மூணாவது கேட்டு, அவங்க பஸ் ஏசி. டொய்ங்னு ஒரே ஒரு தடவ. பணக்காரன் இருமற மாதிரி.

பஸ்ல ஏறறது பூரா பொம்பளைங்க. ஆம்பளைங்க கைய ஆட்டி அனுப்பிட்டு ஊட்டுக்குப் போய் பாத்திரம் தேய்ப்பாங்க. கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. "தேய்க்கலப்பா, சும்மா தண்ணி ஊத்தி வச்சேன்"ம்பாங்க. குழாயடிச் சண்டை கூட இப்ப அவங்க டிபார்ட்மெண்ட்டுதான். கேளுங்க.

"யோவ், என் கொடத்த யாருய்யா நகத்தினது?"

"யாரும் நகத்தல மாமா. அதுவாதான் நகந்துச்சு."

"கொடத்துக்கு கால் இருக்கா?"

"ஒங்க ஊட்டுக் கொடமாச்சே. இருந்தாலும் இருக்கும்."

இந்த ரெண்டு பேரும் அந்தக் காலத்துல மில்லுல ஒரே தட்டுல சாப்பிட்டவங்களாம். இப்ப கொடத்துக்காகப் பேச்சு வார்த்த இல்ல.

இது இல்லக்கா சிரிக்கிற எடம். இதுக்கே சிரிச்சீங்கன்னா எப்படி.

ஒருநாள் விடியறதுக்கு முன்ன தண்ணி டேங்குக்குப் பின்னால நின்னுக்கிட்டு செருப்பு கம்பெனி ஹாரன வாயாலயே அடிச்சேன். பாங்ங்-பாங். பாதிச் சடை பின்னினவங்க, ஒத்தக் கால்ல செருப்பு மாட்டினவங்க, தோசையக் கையில மடிச்சுப் புடிச்சவங்கன்னு தெருவே ஓடி வந்துச்சு. எங்கம்மா மட்டும் ஓடல. அம்மாவும் அந்தக் கம்பெனிதான், மேல் தோல் தைக்கிற லைனு. வாசல்லயே நின்னாங்க. "லோகு, வெளிய வாடி"ன்னாங்க.

எப்படிம்மா கண்டுபுடிச்சேன்னு கேட்டேன்.

"நெஜ பஸ்ஸு இவ்ளோ நல்லா அடிக்காதுடி."

விருது குடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. கூடவே ரெண்டு அறையும் குடுத்தாங்க, அது வேற கணக்கு.

யார்கிட்டேர்ந்து வந்துச்சு இந்த வித்தைன்னு எல்லாரும் கேப்பாங்க. எங்க வம்சத்துலயே கெடையாதுக்கா. அம்மா பேசினா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. அப்பா பேசவே மாட்டார். ஆண்டவன் யாரையும் நடுவுல வச்சுக்காம நேரா என்கிட்டயே குடுத்துட்டான்.

அப்பாவப் பத்திச் சொல்லணும். கதையே அவர வச்சுதான். ஏமாந்தவர் அவர்.

பேரு ஏகாம்பரம். கடலை மில்லுல தோல் ஒடைக்கிற மெஷின்ல நின்னவர். மில்ல மூடினதுலேர்ந்து ஊட்லதான். ஆனா மில்லு அவர விட்டுப் போகல பாருங்க. நாலு பேர் ஒரு கூரைக்குக் கீழ நின்னு எது செஞ்சாலும் அவருக்கு அது மில்லுதான். அம்மா போறது செருப்பு மில்லு. மூணாவது கேட்டு கம்பெனி செல்லு மில்லு. எனக்கு அம்மை போட்டப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார், "இந்த ஊசி மில்லுல கூட்டம் ஜாஸ்தி"ன்னார். என்னை மேல படிக்க வைக்கணும்னு அம்மா சொன்னா, "டிகிரி மில்லுல அப்ளிகேசன் எப்ப குடுக்கறான்?" எத்தன தடவ திருத்தியிருப்பேன். கம்பெனிப்பா, கம்-பெ-னி. "ஆமாம்மா, கம்பெனி மில்லு"ம்பார்.

சமையல்ல மட்டும் அவர் கிட்ட யாரும் நிக்க முடியாது. மில்லு ஓடின காலத்துல ஆயுத பூஜைக்கு மொத்த ஆளுக்கும் அவர்தான் சாப்பாடு போடுவாராம். அந்தக் கரண்டி இன்னும் எங்க ஊட்ல இருக்கு. இரும்புக் கரண்டி, என் தோள் ஒசரம். தலைப்பக்கம் ஒரு கொழந்தையக் குளிப்பாட்டலாம். அம்மா வேலைக்குப் போனப்பறம் அடுப்பு அவர் கைக்கு வந்துடுச்சு. சாம்பார் வச்சார்னா பக்கத்து ஊட்ல வெறும் சோத்த எடுத்துட்டு நம்ம ஜன்னலோரம் உக்காந்துடுவாங்க.

ஒருநா ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாங்க, மூணாவது கேட்டுல ஆள் எடுக்கறாங்களாம்னு. அப்பா ரசத்தக் கலக்கிக்கிட்டே, "என்னை எந்த மில்லுடி கூப்புடப் போவுது"ன்னார். அவ்ளோதான் சொன்னார். அப்பறம் எனக்கு ரசம் ஊத்தினார்.

எனக்கு உள்ள பல்பு எரிஞ்சுது. கூப்பிட்டா என்ன?

பாவம்னு எல்லாம் இல்லக்கா. சும்மா தமாஷுக்குதான்.

மறுநாளு என்கூடப் படிச்ச ஹேமா ஊட்டு மொட்ட மாடியில ஒக்காந்து, அவ போன்லேர்ந்து அடிச்சேன். அப்பாகிட்ட இருக்கறது பட்டன் போனு, பேரு கீரு எதுவும் காட்டாது. கொரல் எப்படி வச்சேன் தெரியுமா? ஏசியிலயே ஒக்காந்து தொண்ட கட்டிப்போன மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டு, இழுத்து இழுத்து. இந்த மாதிரி.

"ஹலோஓ... மிஸ்டர் ஏகாம்பரம்ங்களாஆ... நான் மூணாவது கேட்ல இருந்து ஹெச்.ஆர். நிவேதிதா பேசறேன்ங்க... நம்ம கேன்டீனுக்கு எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவங்க வேணும்ங்க... நாளைக்குக் காலையில நம்ம பஸ்லயே வந்துடுங்க..."

நிவேதிதான்னு யாரும் கெடையாது. பேரு நான் வச்சது. ஏசி பஸ்ஸுக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு.

எனக்கு சிரிப்ப அடக்க முடியல. ஹேமா துப்பட்டாவ வாயில திணிச்சிக்கிட்டு உருண்டுக்கிட்டு இருக்கா. அப்பதான் ஒரு ஐடியா. "ஒரு முக்கியமான விசயம்ங்க... சொந்தக் கரண்டியோட வரணும்ங்க... கம்பெனி பாலிசிங்க..."

அப்பா, "பெரிய கரண்டியா, சின்னதா மேடம்?"னு கேட்டார்.

"இருக்கறதுலயே பெருசுங்க..."

பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. இன்னும் எடம் வரலக்கா, நம்புங்க.

கடைசியில ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். வைக்கும்போது பழக்க தோசத்துல "வச்சிடறேம்பா"ன்னு வாயில வந்துடுச்சு. ஆனா அத அவர் கவனிக்கல. இந்தக் காலத்துல யார்தான் யார 'ப்பா' போட்டுப் பேசல. ஆட்டோக்காரன் கூட 'எங்கப்பா போவணும்'னுதான் கேக்கறான்.

மறுநாள் விடிய நான் டேங்குக்குப் பின்னால ஆஜர். அப்பா வர்றார். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளச் சட்டை. மழுமழுன்னு சவரம். தோள்ல கரண்டி, தலைப்பக்கம் துண்டு சுத்தி. அனுமார் கதாயுதத்தத் தூக்கிட்டு வர்றாப்ல. பஸ்ஸுக்கு நின்ன பொண்ணுங்க அத்தன பேரும் பாக்கறாங்க. ஒருத்தி, "இன்னா மாமா, எங்கனா திருவிழாவா?"ன்றா. இன்னொருத்தி, "இல்லடி, ஊட்ல அக்கா ராத்திரி கரண்டியால அடிச்சிருக்கும், கம்ப்ளெய்ண்ட் குடுக்க ஆதாரத்தோட போறாரு"ன்றா. அப்பா நிமிந்தே பாக்கல. தரையப் பாத்தே நிக்கறார்.

அட, அப்படிப் பாக்காதீங்கக்கா. அந்த எடத்துல நான் டேங்குக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் உள்ள நகந்துட்டேன். யாரும் பாத்துடக் கூடாதுன்னுதான், வேற ஒண்ணும் இல்ல.

என் திட்டம் என்னன்னா, பஸ் வரும், டிரைவர் கம்பெனி அட்டை கேப்பார், அப்பாகிட்ட இருக்காது, எறக்கி விட்டுடுவார். அப்பா திரும்பி வருவார். நான் குறுக்கால போய் ஹெச்.ஆர். கொரல்ல "என்னங்க... கரண்டி பத்தலீங்களா..."ன்னு கேப்பேன். அவரும் சிரிப்பார். கதை அதோட முடியணும்.

பஸ் வந்துச்சு. டொய்ங். டிரைவர் கதவத் தொறந்தார். அட்டையே கேக்கல. கரண்டிய மேலயும் கீழயும் பாத்தார். "கேன்டீன் ஆளா? நல்ல நேரத்துல வந்த. ஏறு, ஏறு"ன்னார். ஏத்திக்கிட்டுப் போயிட்டார்.

தூக்கக் கலக்கமா இருந்திருக்கும் அந்த டிரைவருக்கு.

அன்னைக்குப் பூரா நான் வாசல்லயே ஒக்காந்திருந்தேன். இப்ப வருவார், அப்ப வருவார்னு. வரல. சாயங்காலம் அதே பஸ்ல வந்து எறங்கினார். கையில கரண்டி இல்ல. அம்மா ஷிப்ட்டு முடிஞ்சு அப்பதான் வந்து காலக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. அப்பா, "தேவகி, மில்லுல சேந்துட்டேன்"னார்.

"எந்த மில்லுல?"

"செல்லு மில்லுல. கேன்டீன்ல."

அம்மா சொம்புத் தண்ணிய எடுத்து அவர் கால்ல ஊத்தினாங்க. அவ்ளோதான். நான் ஓடிப் போய் பாத்ரூம்ல உக்காந்துட்டேன். சிரிக்கலாம்னுதான் போனேன். வரல.

ஏன்னா எனக்கு மட்டும்தானே தெரியும், அப்படி ஒரு வேலையே கெடையாதுன்னு? நிவேதிதாவே நான்தானே. அப்பறம் எப்படிச் சேருவார்? கேட்ல தொரத்தி விட்டிருப்பாங்க. ஊர் முழுக்கப் பாக்க வெள்ளச் சட்டையோட போயிட்டு, சும்மா திரும்பி வர வெக்கம். பொய் சொல்லிட்டார். கரண்டிய எங்கயோ ஒளிச்சு வச்சிட்டார்.

அன்னைலேர்ந்து தெனம் போறார்க்கா. எங்க போறாரோ. எதனா மரத்தடியில உக்காந்துட்டு வருவார்னு நெனக்கறேன். ஒருநாள் நானே பஸ் ஏறி வந்து, பஸ் ஸ்டாண்டு வேப்ப மரம், லைப்ரரி வாசல், பார்க்கு எல்லாம் தேடினேன். ஆள் இல்ல. மரத்த மாத்திட்டார் போலருக்கு.

ஆனா நடிப்பு இருக்கே, அடேங்கப்பா. நான்லாம் சும்மா. சாயங்காலம் வந்தா சட்டையெல்லாம் தாளிச்ச வாசன. நிச்சயமா எதனா ஓட்டல் பின்பக்கம் நின்னு புகைய வாங்கிட்டு வர்றார். ஒருநாள் விரல்ல சூடு பட்டுக் கொப்பளம். இதுக்காக யாராவது கையச் சுட்டுப்பாங்களா? இவர் சுட்டுக்கிட்டிருக்கார். செருப்படியில வெங்காயத் தோல் ஒட்டியிருக்கு. கழுத்துல ஒரு அட்டை வேற, போட்டோவெல்லாம் போட்டு. ஜெராக்ஸ் கடையில எது கேட்டாலும் அடிச்சுக் குடுக்கறான் இப்பல்லாம். தூக்கத்துல கூட விடலக்கா. "உப்பு பத்தலடா, இன்னொரு பக்கெட்டு தண்ணி ஊத்து"ன்னு ஒளர்றார். தூங்கும்போதும் நடிக்கிற மனுசன நீங்க பாத்திருக்கீங்களா?

என்னக்கா, தண்ணி வேணுமா? பொறையேறிடுச்சா? மெல்லக் குடிங்க.

ஊட்டுச் சமையல் இப்ப என் தலையில. "நாள் பூரா அடுப்புல நிக்கறேன், ஊட்லயும் நிக்கணுமா?"ன்னு கேட்டார் அப்பா. நான் என்ன பதில் சொல்ல முடியும், நீங்க அடுப்புல நிக்கல மரத்தடியில நிக்கறீங்கன்னா? வாய மூடிக்கிட்டு பருப்பு வேக வச்சேன். அத அம்மா ஒரு வாய் தின்னுட்டு, "இது குழம்பா, எங்க கம்பெனி பசையா?"ன்னு கேட்டாங்க. கம்பெனி பசைதான் நல்லா ஒட்டுமாம், இது அதுக்கும் ஆகாதாம்.

இதுல விசயம் என்னன்னா, மாசம் முடியப் போவுது. அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க, இந்தத் தடவ ரெண்டு சம்பளம்னு. தைக்கிற லைன் பூரா சொல்லி, கேசரி கிண்டித் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டாங்க. சம்பள நாள்ல அப்பா என்ன பண்ணுவார்? வெறுங்கையோட அந்த வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பார். தெரு பூரா பாக்கும். பஸ்ஸுக்கு நின்னப்ப தரையப் பாத்தாரே, அதே மாதிரி பாப்பார்.

எனக்கு அத மட்டும் பாக்க வேணாம்க்கா. வேற ஒண்ணும் இல்ல.

இங்கதான் ஆண்டவன் வந்தான். நேத்து. நான் அடிப்புடிச்ச குக்கரத் தேய்ச்சிக்கிட்டு இருக்கேன், போன் வருது. தெரியாத நம்பர். எடுத்தா... ஹெச்.ஆர். நிவேதிதா.

சத்தியமாக்கா. நான் சும்மா வச்ச பேர்ல நெஜமாவே ஒரு மேடம் அங்க இருக்காங்க. அது மட்டுமா, கொரல கேக்கணுமே. நான் எப்படிப் பேசினேனோ அதே இழுப்பு, அதே 'ங்க', அதே ஏசித் தொண்டை. பாக்காத ஆள, கேக்காத கொரல, நான் அப்படியே புடிச்சிருக்கேன் பாருங்க. எனக்கே புல்லரிச்சிடுச்சு. அப்படியே ஹேமாகிட்ட ஓடிச் சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. பொறாமை.

மைக்குல பேசற வேலையாம். ஷிப்ட்டு மாறுது, பஸ் வந்துடுச்சு, லைன் ரெண்டு சாப்பிடப் போகலாம்னு சொல்லணுமாம். என் கொரலுக்குன்னே செஞ்ச வேலை. நான் முடிவு பண்ணிட்டேன். சேந்த ஒடனே மேடம் கையப் புடிச்சு, எங்கப்பாவ எப்படியாவது கேன்டீன்ல சேத்துக்கங்கன்னு கேட்டுடுவேன். சம்பள நாளுக்கு முன்ன. அப்படிச் சேத்துக்கிட்டா, அவர் இத்தன நாள் சொன்னது பொய்யில்லன்னு ஆயிடும். நான் சொன்னதும் பொய்யில்லன்னு ஆயிடும். நல்லா இருக்குல்ல?

ஆங், இந்தக் காய். இதோ வந்துட்டேன். மேடம்தான் கொண்டு வரச் சொன்னாங்க. புது லைன் தொறக்கறாங்களாம். திருஷ்டி சுத்தி ஒடைக்க, புதுசா சேர்றவங்க கையால ஒரு பரங்கிக்காய்.

என்ன? திருஷ்டிக்குப் பூசணிக்காய்தானே ஒடைப்பாங்கன்னா? கல்யாணப் பூசணியா? அட ஆமா. வெள்ளக் காயிலதான் குங்குமம் தடவி ஒடைப்பாங்க. நானும் யோசிச்சேன். பெரிய எடத்துல வழக்கம் வேறயா இருக்கும்னு விட்டுட்டேன். ஏசி பஸ் விடறவங்க பரங்கிக்காயே ஒடைக்கட்டும், நமக்கென்ன.

சரி, இதான்க்கா அந்த எடம். மேடம் எப்படிச் சொன்னாங்கன்னு அப்படியே செஞ்சு காட்டறேன். ஒரு எழுத்து மாறாது. நான் ஒரு தடவ கேட்டா போதும், டேப்பு மாதிரி. எங்க நான் சொல்ற அந்தக் காய் வெவரம் வருதோ, அங்க சிரிச்சுக்கங்க. தயாரா?

"ஹலோஓ... லோகேஸ்வரிங்களாஆ... நான் ஹெச்.ஆர். நிவேதிதா பேசறேன்ங்க... ஒங்க வாய்ஸ் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டோம்ங்க... மைக்குல பேச ஆள் வேணும்ங்க... நாளைக்கு மூணாவது கேட்டுக்கு வந்துடுங்க... வரும்போது ஒரு பரங்கிக்காய் எடுத்துட்டு வரணும்ங்க... இருக்கறதுலயே பெருசுங்க... ரொம்பப் பழுத்தது வேணாம்ங்க, கொழைஞ்சிடும்... செங்காயா, தோல் தடிக்காம... காம்பு காயாம பாத்து வாங்குங்க... நேரத்தோட வந்துடுங்க, பத்து மணிக்குள்ள அரிஞ்சு போடணும்... நம்ம மில்லுல..."

நம்ம மில்லுல.

இருங்கக்கா.

நான் இப்ப என்ன சொன்னேன்? இல்ல, நான் சொல்லல, மேடம் சொன்னது. நான் கேட்டதத்தானே சொல்றேன், ஒரு எழுத்து மாத்த மாட்டேனே.

"நம்ம மில்லுல நேரம் ரொம்ப முக்கியம்ங்க..."

எந்த மேடம்க்கா கம்பெனிய மில்லுன்னு சொல்லும்?

ஒரு நிமிசம். ஒடைக்கிற காய் கொழைஞ்சா என்ன, கொழையலன்னா என்ன. எதுக்கு அரியணும்? இருக்கறதுலயே பெருசுங்க... அது நான் கரண்டிக்குச் சொன்னதாச்சே. நிவேதிதான்ற பேர நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன். இந்தக் கொரல ஒரே ஒரு ஆள்தான் கேட்டார். எங்க வம்சத்துலயே இந்த வித்தை கெடையாதுன்னு சொன்னேன்ல ஒங்ககிட்ட? அத மறந்துடுங்க. அந்த மனுசன் இத்தன வருசம் வாயத் தொறக்காம ஒக்காந்திருந்திருக்கார்.

அப்ப அந்தச் சூடு நெஜம். வெங்காயத் தோலு நெஜம். அந்த அட்டையும்.

வச்சிடறேம்பான்னு சொன்னேனே. கேட்டுட்டார். அதுக்கு முன்னயே கொரல வச்சே கண்டுபுடிச்சிட்டார். நான்தான்னு தெரிஞ்சேதான் "பெரிய கரண்டியா, சின்னதா"ன்னு கேட்டிருக்கார். பொய்ன்னு தெரிஞ்சேதான் சவரம் பண்ணிக்கிட்டு, கரண்டியத் தோள்ல போட்டுக்கிட்டு, அத்தன பேர் முன்னால வந்து நின்னிருக்கார். எவனாவது ஏத்திக்குவானான்னு.

நீங்க ஏன்க்கா மொகத்தத் துப்பட்டாவால மூடிக்கிறீங்க? நான் கரண்டின்னு சொன்ன எடத்துலேர்ந்து ஒங்க தோளு குலுங்கிக்கிட்டேதான் இருக்கு. பொறையேறிடுச்சுன்னு நெனச்சேன். அந்தத் துப்பட்டாவுக்குக் கீழ கழுத்துல தொங்கறது என்ன அட்டை? கொஞ்சம் திருப்புங்க, பாக்கறேன்.

மூணாவது கேட்டு.

கம்பெனி பஸ்ஸ விட்டுட்டு இதுல ஏறினீங்களா? நான்தான் ஒங்கள ஒரு வார்த்த கேக்கவே இல்லையே. சரி, இப்பக் கேக்கறேன், நெஜத்தச் சொல்லுங்க.

இன்னைக்கு ஒங்க கேன்டீன்ல மத்தியானம் என்னக்கா சாம்பார்?